கம்பு நுனியில் கரண்டி

ஜூலை இருபத்துநாலு வந்தால் பார்லி க்ரீக்கில் யாரும் வயலுக்குப் போக மாட்டார்கள். பரிசுத்தவான்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற மார்மன்களின் முதல் வண்டிகள் மலையிறங்கி யூட்டா மண்ணைத் தொட்ட நாள் அது. விடியும்போதே கொல்லன் தன் பட்டடைக் கல்லின் மேல் வெடிமருந்தைக் கொட்டி வெடித்து ஊரை எழுப்பிவிடுவான். பிறகு பாட்டு, ஊர்வலம், மரக்கிளை வேய்ந்த பந்தலின் கீழே பேச்சு. கடைசியாகப் பேசுவது எப்போதும் மூப்பர் ஆல்வா பெக்தான். அவர் எழுந்தால் பந்தலுக்கு வெளியே திரிகிற பிள்ளைகள்கூட உள்ளே ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லினாய்ஸில், அவர்கள் சபையைத் தொடங்கிய தீர்க்கதரிசியைச் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றவர்கள் பின்னால் என்ன கதி ஆனார்கள் என்பதை அவர் சொல்வார்.

ஒருவன் இடி விழுந்து செத்தான். ஒருவனுக்குக் கை காய்ந்த கொடிபோல் சுருண்டுவிட்டது. கடைசியாக, புழு தின்ற ஆள். அந்த ஆளுக்காகத்தான் கூட்டம் காத்திருக்கும்.

லொவீனா ஹார்கர் பந்தலின் ஓரத்தில் நின்று ஆப்பிள் அப்பங்களைத் துண்டு போட்டுக்கொண்டே அந்தக் கதையைப் பல வருடம் கேட்டிருந்தாள். முதலில் கேட்டபோது அது சின்னக் கதை. வண்டிச்சக்கரம் செய்கிற ஒருவன், உதட்டில் ஆறாத ஒரு புண், அவ்வளவுதான். அவளுக்கு மனதில் ஏதோ இடறியது. ஆனாலும் உலகத்தில் சக்கரம் செய்பவன் ஒருவன்தானா என்று இருந்துவிட்டாள். அடுத்து வந்த வருடங்களில் புண் கன்னத்தைத் தின்றது. பிறகு அதில் புழு வந்தது. பிறகு நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடினார்கள். கதை வயலில் விட்ட பூசணிக்கொடி மாதிரி தானாகப் படர்ந்துகொண்டே போனது.

அந்த வருடம் மூப்பர் பெக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பெத்த மகளே அவன் கிட்டப் போகலை, சகோதரரே. நீளமா ஒரு கம்பு எடுத்து, நுனியில கரண்டியைக் கட்டி, வாசப்படியில நின்னுக்கிட்டு, வெறிநாய்க்கு நீட்டுற மாதிரி கஞ்சியை நீட்டினா. அப்படித்தான் செத்தான். அவன் பேரு அப்னர் டில்சன்."

லொவீனா கத்தியைக் கீழே வைத்தாள். அப்னர் டில்சன் அவளைப் பெற்ற தகப்பன்.

*

இல்லினாய்ஸில் அப்னர் டில்சன் நல்ல சக்கரம் செய்வார். நல்ல மனிதர் என்று சொல்ல அவர் மகளுக்கே வாய் வராது. மனைவி செத்தபின் ஒற்றை மகளை அதட்டியும் கிண்டலடித்துமே வளர்த்தார். "கழுதை, உன்னைக் கட்டிக்கப் போறவன் காது கேட்காதவனா இருக்கணும்" என்பார். வாயில் எந்நேரமும் மண்குழாய்ப் புகை. மார்மன்களை அவருக்குப் பிடிக்காது. அவர்கள் மொத்தமாக ஒரே ஆளுக்கு ஓட்டுப் போடுகிறார்கள், நீதிபதி முதல் ஷெரிஃப் வரை தங்கள் ஆளாகவே வைத்துக்கொள்கிறார்கள், சொந்தமாகப் படை வேறு வைத்திருக்கிறார்கள் என்பது அவர் ஆத்திரம். அவர்களைக் கவுண்டியை விட்டே துரத்த வேண்டும் என்று கூட்டம் போட்டபோது முன்வரிசையில் நின்று கையைத் தூக்கினார்.

தீர்க்கதரிசி சிறையில் இருந்த அந்த ஜூன் மாதம் ஊர்ப்படைக்கு அவரையும் கூப்பிட்டார்கள். துப்பாக்கியோடு போனார். பாதி வழியில், படை கலையலாம், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று கவர்னரிடமிருந்து உத்தரவு வந்தது. சிலர் திரும்பினார்கள். சிலர் வெடிமருந்தை ஈரப்படுத்தி முகத்தில் கரியாகப் பூசிக்கொண்டு சிறைச்சாலைப் பக்கம் நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போனவர் கேப்டன் ஹோல்காம். அப்னர் திரும்பி வந்துவிட்டார். வந்து துப்பாக்கியை மூலையில் சாய்த்து, இரண்டு குவளை தண்ணீர் குடித்தார்.

"கம்பிக்குள்ள அடைச்சு வச்சிருக்கிறவனைச் சுடப் போறாங்களாம். அதுக்கு எதுக்குப் படை? கசாப்புக்காரன் ஒருத்தன் போதும்" என்றார். போகிறவர்களைத் தடுத்தாரா என்று லொவீனா கேட்கவில்லை. தடுத்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு குளிர்காலம் கழித்து, உறைந்த மிசிசிப்பி ஆற்றின் மேல் மார்மன்கள் வண்டி வண்டியாக வெளியேறினார்கள். சாமான்களை யார் கேட்டாலும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்னர் ஒரு மூட்டை சோளமாவைக் கொடுத்துவிட்டு ஒரு வீட்டிலிருந்து இரும்பு அடுப்பை வாங்கி வந்தார். அந்த வீட்டுக்காரி அடுப்பிலிருந்த சாம்பலை வழித்து வெளியே கொட்டிவிட்டு, மேல்தட்டைத் துணியால் துடைத்துக் கொடுத்தாளாம். இதை அப்னர் சிரித்துக்கொண்டு ஆரம்பித்து, சிரிக்காமல் முடித்தார்.

அதற்கப்புறம்தான் கீழுதட்டில், குழாய் பதிகிற இடத்தில், அந்தப் புண் வந்தது. வைத்தியர் களிம்பு போட்டுப் பொசுக்கிப் பார்த்தார். அது கன்னத்துக்கு ஏறியது. நாலு வருடம் படுத்துக் கிடந்தார். லொவீனா அந்த மார்மன் அடுப்பில் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, வாயில் நல்ல பக்கமாகப் பார்த்து விரலால் ஊட்டினாள். வெயில் காலத்தில் ஈ உட்கார்ந்து புழு வைத்தது. கோழி இறகால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். அந்த நாட்களில் உள்ளூர்ப் போதகர் ஒருவர் வந்து, மார்மன் குழந்தைகள் ஐயோவாப் பனியில் கொத்துக் கொத்தாகச் சாவதைத் தேவனுடைய தீர்ப்பு என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். அப்னரால் அப்போது சரியாகப் பேச வராது. "அந்த ஆளை வெளிய போகச் சொல்லு" என்று மகளுக்குக் கையைக் காட்டினார்.

அவர் செத்தபோது சவப்பெட்டியை நாலு பேர்தான் தூக்கினார்கள். அதே மாதம் கேப்டன் ஹோல்காம் இரண்டு மாடிச் செங்கல் வீட்டுக்குக் குடிபோனார்.

*

தனியாக நின்ற லொவீனா ஆற்றின் எதிர்க்கரையில் கியோகுக் ஊரில், சாப்பாட்டு விடுதி ஒன்றில் துணி வெளுக்கப் போனாள். யூட்டாவுக்குப் போகிற ஆங்கிலேய மார்மன்கள் அந்த வருடம் அங்கேதான் கூடாரம் அடித்து வண்டி கட்டினார்கள். அதில் எட்வின் ஹார்கர் என்று, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிற ஒருவன். கிழிந்த சட்டையை நீட்டி, "இதை வெளுத்தா இருக்கிறதும் போயிருமா?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பின் சிரித்ததில் தாடை வலித்தது. அவர்கள் பாடுகிற பாட்டும் அவளுக்குப் பிடித்தது. ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்து, அவனைக் கட்டிக்கொண்டு, வண்டியோடு நடந்தே மலைகளைத் தாண்டினாள். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள். "நான் தொரத்தினவங்க பின்னாடியே போறியே, கழுதை" என்றுதான் சொல்லியிருப்பார்.

பார்லி க்ரீக்கில் அவளுக்கு முதலில் கிடைத்த சிநேகிதி ரோடா, மூப்பர் பெக்கின் மூத்த மனைவி. ரோடாவுக்கு ஒரு பிரசவம் கஷ்டமானபோது லொவீனா மூன்று வாரம் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டாள். படுக்கையில் கிடந்த ரோடா தன் முதல் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட அந்தக் குளிரில் மூச்சடைத்துச் செத்த குழந்தை. கேட்ட கையோடு லொவீனாவும் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். உதடு, அடுப்பு, இறகு, எதையும் மறைக்கவில்லை. இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ரோடா அதைப் புருஷனிடம் சொன்னாள். புருஷன் ஊருக்குச் சொன்னார். இடையில் இறகு கம்பாகிவிட்டது.

*

திருவிழாவுக்கு மறுநாள் லொவீனா மூப்பர் பெக்கின் வயலுக்குப் போனாள். அவர் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு. வெயிலில் சிவந்த முகம்.

"அப்னர் டில்சன் யாரோட அப்பான்னு உங்களுக்குத் தெரியுமா, மூப்பரே?"

அவர் மண்வெட்டியை ஊன்றினார். "தெரியும், சகோதரி."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"உன்னைக் குத்திக்காட்டணும்னு சொல்லலை. இத்தனை வருஷம் பேரை விழுங்கிட்டுத்தான் சொன்னேன். இப்ப பையங்க கேக்குறாங்க, யாரு, எந்த ஊருன்னு. பேர் இல்லாத கதையை இந்தக் காலத்துல யாரும் நம்புறதில்லை."

"அவர் ஜெயிலுக்குப் போகலை. வழியிலயே திரும்பி வந்துட்டார்."

"மகள்கிட்ட எந்தத் தகப்பன் சொல்லுவான், நான் போனேன்னு?"

"முகத்துல கரி இல்லை. துப்பாக்கி சுடலை. நான்தான் அதை எடுத்து வச்சேன்."

"சரி, போகலைன்னே வச்சுக்கோ. கையைத் தூக்கினான்ல? மனசால எல்லாரும் போனவங்கதான்."

"அந்தக் கம்பு? கரண்டி? அதை யார் சொன்னது உங்களுக்கு?"

மூப்பர் பெக் வாய்க்காலைப் பார்த்தார். "பேசும்போது சில வார்த்தை தானா வரும். ஆவியானவர் குடுக்கிறது."

"ஆவியானவருக்கு நான் எங்கப்பாவுக்கு எப்படி ஊட்டினேன்னு தெரியாதா?"

அவர் மடையை வெட்டினார். தண்ணீர் அவள் செருப்பை நனைத்துக்கொண்டு போனது.

*

மாதத்தில் முதல் ஞாயிறு உபவாச நாள். அன்று சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். லொவீனா எழுந்தபோது, காய்ச்சலில் கிடந்த எட்வினுக்குச் சுகமானதற்கு நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் மெர்சி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பேரு உங்களுக்குத் தெரியும். எங்கப்பா பேரு அப்னர் டில்சன்" என்று லொவீனா ஆரம்பித்தாள்.

ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

"அவர் நல்லவர்னு சாட்சி சொல்ல நான் நிக்கலை. உங்களைத் தொரத்தணும்னு கையைத் தூக்கினவர். போறவங்ககிட்ட ஒரு மூட்டை மாவுக்கு அடுப்பை வாங்கினவர். அது பாவம்தான். அதைத் தேவன் அவர்கிட்டக் கேட்டிருப்பார். ஆனா அவர் யாரையும் சுடலை. சுட்டது யாருன்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். கேப்டன் ஹோல்காம் கரியைப் பூசிக்கிட்டு முன்னால போனார். கோர்ட்டுல விடுதலையானார். செங்கல் வீடு கட்டினார். சட்டசபைக்கு ரெண்டு தடவை ஜெயிச்சார். போன வருஷம் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திரிக்கலை. பேண்டு வச்சு எடுத்தாங்களாம், எங்க ஊர்க்காரி எழுதியிருந்தா. நான் கேக்குறேன், சுட்டவனுக்குச் செங்கல் வீடு, கையைத் தூக்கினவனுக்குப் புழுவா? தேவனுக்கு ஆள் அடையாளம் தெரியலையா?"

மேடையில் ஊர்ச்சபைத் தலைவரான பிஷப் தொண்டையைச் செருமினார். அவள் நிறுத்தவில்லை.

"மூப்பர் பெக்கோட குழந்தை பனியில செத்துச்சு. அப்ப எங்க ஊர்ப் போதகர் என்ன சொன்னார் தெரியுமா? மார்மன்களுக்குத் தேவன் குடுத்த தண்டனைன்னு சொன்னார். எங்க வீட்டுலயே உட்கார்ந்து சொன்னார். என் காதால கேட்டேன். அது பொய்தானே? சொல்லுங்க. அந்தப் புள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? அது பொய்னா இதுவும் பொய். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்தவங்க மத்தவங்களைவிடப் பாவிகளான்னு ஆண்டவரே கேட்டு, இல்லைன்னும் சொல்லிட்டார். நீங்க அதையும் தாண்டிப் போறீங்க."

அவள் கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினாள்.

"நான் கம்பு பிடிக்கலை. என் விரலாலதான் ஊட்டினேன்."

ரோடா முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். மூப்பர் பெக் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தையைப் பற்றிய பேச்சு வந்ததிலிருந்து அவர் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. யாரோ அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார்கள்.

அதன்பின் ஊர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். மெத்தைத் துணி தைக்கிற பெண்கள் கூடுகிற நாள் அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பம் கொண்டுபோனால், "எதுக்கு உங்களுக்குச் சிரமம், போதுமானது இருக்கு" என்றார்கள். வீடு வீடாக விசாரிக்கிற சபை ஊழியர் இருவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தீர்க்கதரிசியின் ரத்தத்துக்கு விரோதமாகப் பேசினாளா என்று கேட்டார்கள்.

"ரத்தத்துக்கு விரோதமா இல்லை. கரண்டிக்கு விரோதமா" என்றாள் லொவீனா. அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை வந்தது. மூப்பர் பெக் அதே கதையைச் சொன்னார். பேரைக்கூட விடவில்லை. லொவீனா அன்று வீட்டில் வெங்காயப் பாத்தி களையெடுத்தாள். கூட்டத்தின் சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது.

*

நாலைந்து வருடம் போயிருக்கும். ஒரு வேனில் காலையில் ரோடா வாசலில் வந்து நின்றாள். தலையில் தொப்பிகூட இல்லை.

"உன் படியை மிதிக்க எனக்கு யோக்கியதை இல்லை, லொவீனா."

"உள்ள வா. கதவைத் திறந்து வச்சா ஈ வரும்."

ரோடா உட்காரவில்லை. "ஆல்வாவுக்கு மூக்கு ஓரத்துல ஒரு பரு மாதிரி இருந்துச்சு. ரெண்டு வருஷமா மறைச்சுட்டார். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினாங்க. இப்ப கண்ணு வரைக்கும் வந்துருச்சு. இளையவ புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நான் ஒருத்தி." அவள் கைகளைப் பிசைந்தாள். "உங்கப்பாவுக்கு அந்த நாத்தத்துக்கு என்ன வச்ச?"

"கரித்தூளும் புளிச்ச மாவும்" என்றாள் லொவீனா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கரியை இடிக்க ஆரம்பித்தாள்.

எட்வின் பின்னாலேயே வந்தான். மெதுவாகத்தான் சொன்னான். "பார்த்தியா, லொவீ. தேவன் கணக்கைத் தீர்த்துட்டார்."

உலக்கை நின்றது. ரோடா சொல்லி முடித்த அந்த நொடியில் அவளுக்கும் அதேதான் தோன்றியிருந்தது. வயிற்றுக்குள் சூடாக, கொழுப்புக் கஞ்சி குடித்த மாதிரி, ஒரு சந்தோஷம். ஆள் தப்பவில்லை, கடைசியில் பிடிபட்டான் என்று. எட்வின் வாயால் கேட்டதும் அது குமட்டியது.

"அந்த வார்த்தையை இந்த வீட்டுல சொல்லாதீங்க" என்றாள். "அவர் சொன்னா பொய், நாம சொன்னா உண்மையா?"

மூப்பர் பெக் பின்னறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். பெரிய உடம்பு போர்வைக்குள் காணாமல் போயிருந்தது.

"சிரிக்க வந்தியா?" என்றார்.

"சிரிக்கிறதுக்காக இந்த வெயில்ல நடந்து வர மாட்டேன். இந்தப் பக்கம் திரும்புங்க."

அவள் துணியை நனைத்துப் பிரித்தாள். பார்த்தாள். கோழி இறகு வேண்டும் என்று ரோடாவை வெளியே அனுப்பினாள்.

"என்னது?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லை. அசையாம இருங்க."

"புழுவா?"

"ஆமா."

"தேவன்..." என்று தொடங்கினார்.

"தேவன் இல்லை. ஈ. வெயில் காலத்துல ஈ மொய்க்கும். வலைத்துணி போடச் சொல்றேன்."

"என் மாம்சம் புழுவினால் மூடியிருக்குன்னு யோபு சொன்னார்" என்றார் அவர். "நீதிமானுக்கும் சோதனை வரும். என் கதை வேற, சகோதரி."

"தேவன் அடிச்ச ஏரோது ராஜாவுக்கும் புழுதான், நீதிமான் யோபுக்கும் புழுதான். எது யாருக்குன்னு நீங்கதான் பங்கு பிரிக்கிறீங்க. புழுவுக்கு ஒண்ணும் தெரியாது."

ரோடா வரும் சத்தம் கேட்டதும் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "இதை அவகிட்ட சொல்லாதே. வெளியிலயும் சொல்லாதே. ஊர் என்ன பேசும்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்" என்றாள் லொவீனா. "சொல்ல மாட்டேன். நீங்க ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்பு பொய்னு பிஷப்பைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. புண்ணு, புழு எல்லாம் இருக்கட்டும். கம்பை மட்டும் எடுத்துடுங்க."

அவர் நல்ல கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரை கல்லா இறுகிக் கிடந்துச்சு" என்றார் கடைசியில். "குழி தோண்ட முடியலை. புள்ளையை வச்சு மேல கல்லை அடுக்கிட்டு வந்தோம். ராத்திரி ஓநாய் கத்துச்சு. ரோடாவுக்குக் கேட்கக் கூடாதுன்னு நான் சத்தமாப் பாடினேன். அதுக்கு யாராவது பதில் சொல்லணும்ல?"

"சொல்லணும். எங்கப்பாவா?"

"கேப்டன்கள் எல்லாம் நல்லா இருந்தாங்க" என்றார் மூப்பர் பெக். "கையில அகப்பட்டவன் அவன்தான்."

கம்பைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் தினமும் போனாள். இரக்கமா, வீம்பா என்று எட்வின் கேட்டபோது, "தெரியாது. கைக்கு வேலை தெரியும், போகுது" என்றாள். இலைகள் பழுக்கிற காலத்தில் அவர் செத்தார். பிஷப்பை அவர் கூப்பிடவே இல்லை.

அடக்க ஆராதனையில் பிஷப் அவரை யோபு என்றார். பொன்னை நெருப்பில் புடமிடுவதுபோல் தேவன் தம் ஊழியரைப் புடமிட்டார் என்றார். பெண்கள் விம்மினார்கள். லொவீனா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை, கொடுத்த வார்த்தை இருந்தது. ரோடா திரும்பி அவளை ஒரு தரம் பார்த்தாள். அதற்கப்புறம், கல்லறைப் பாதையில் எதிரே வந்தாலும் குனிந்துகொண்டே போனாள். இறகு எதற்கென்று ரோடாவுக்கும் தெரியும்; தான் பார்த்ததைப் பார்த்த இன்னொருத்தியை அவளால் பார்க்க முடியவில்லைபோல.

அடுத்த ஜூலையில் இளைஞன் ஒருவன் கதையைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். கம்பு போய் வைக்கோல் வாருகிற கவைக்கோல் வந்திருந்தது.

*

தெற்கே செயின்ட் ஜார்ஜில் ஆலயம் கட்டி முடித்தார்கள். செத்துப்போன சொந்தங்களுக்காக உயிரோடிருப்பவர்கள் அங்கே போய் ஞானஸ்நானம் எடுக்கலாம். அதனால் மறுமையில் குடும்பம் ஒன்றுசேரும். பார்லி க்ரீக்கே தாத்தா பாட்டி பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தது. மெர்சிக்கு அப்போது பிஷப்பின் மகனோடு கல்யாணமாகிக் கையில் ஒரு பெண்குழந்தை. அவள் அம்மாவிடம் வந்து, சுற்றி வளைத்து, பால் கறக்கிறதைப் பற்றியெல்லாம் பேசி, பிறகு சொன்னாள்.

"அம்மா, தாத்தாவுக்கும் செய்யலாம்னு பார்த்தேன்."

"செய்யக் கூடாதும்பாங்களே. குத்தமில்லாத ரத்தத்தைச் சிந்தினவருக்கு ஏது மன்னிப்பு?"

"மாமனார் ஒரு வழி சொன்னார்." மெர்சி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "அதே பேருல ரெண்டு ஆள் இருந்தாங்கன்னு வச்சுக்கலாமாம். கதையில வர்றது வேற அப்னர் டில்சன். நம்ம தாத்தா வேற. நீங்க அப்படிச் சொல்லிட்டா போதும். யாருக்கும் சங்கடம் இல்லை."

லொவீனா சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஒருத்தரை நரகத்துல விட்டுட்டு, ஒருத்தரை மோட்சத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? எங்கப்பா ஒரே ஆளா இருந்தே ரொம்பக் கஷ்டப்பட்டார்டி."

"சிரிக்காதீங்கம்மா. எம் புள்ளை பெரியவளானா அவளையும் புழு தின்னவனோட கொள்ளுப்பேத்தின்னு சொல்லுவாங்க. உங்களுக்கு உங்க அப்பாதான் முக்கியம்."

"அந்தக் கதை பொய்னு சொல்லுங்கன்னுதான் கேட்டேன். ஆளே வேறன்னு சொல்லச் சொல்றீங்க. கதைக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது, என்ன? வேண்டாம். உயிரோட இருந்த வரைக்கும் மார்மன்களை விட்டுத் தள்ளி இருக்கத்தான் அவர் பாடுபட்டார். செத்த அப்புறமாவது அப்படியே இருக்கட்டும்."

மெர்சி அழுதுகொண்டு போனாள். ஆனால் செய்துவிட்டாள். ஆலயத்திலிருந்து திரும்பிவந்த ஒருத்தி வாய்தவறிச் சொன்னதில் லொவீனாவுக்குத் தெரிய வந்தது: மெர்சியே, தன் தாத்தா வேறொரு அப்னர் டில்சன் என்று சொல்லிப் பதிந்து, அவருக்காக ஓர் ஆளை ஞானஸ்நானத் தொட்டியில் முங்கச் செய்திருக்கிறாள். இரண்டு அப்னர்களும் ஊரில் நிலைத்துவிட்டார்கள். கோடைத் திருவிழாவில் ஒருவர், ஆலயத்தில் ஒருவர். இரண்டு பேரையும் லொவீனாவுக்குத் தெரியாது.

அவள் மகளோடு சண்டை போடவில்லை. மெர்சி வரும்போதெல்லாம் பேசினாள். மாட்டைப் பற்றி, குழந்தையின் சளியைப் பற்றி, மழை வராததைப் பற்றி. மெர்சி சில நாள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். லொவீனா எழுந்து அடுப்பில் எதையாவது கிளறப் போய்விடுவாள்.

எட்வின் போய்ச்சேர்ந்த பிறகும் ஆறு வருடம் இருந்தாள். ஒரு மார்ச் மாதம் மார்ச்சளி பிடித்து, ஒரு வாரம் படுத்து, இறந்துபோனாள். உடம்பைக் கழுவி வெள்ளை உடுத்த சபையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். கழுவும்போது நன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். எங்கும் ஒரு புண்கூட இல்லை என்று பிறகு ஊரில் சொன்னார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.